ஃபார்கோ இரண்டாம் சீசனின் பறக்கும் தட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'ஃபார்கோ' என்ற அமெரிக்கக் குற்றத்தொடரின் இரண்டாம் சீசனைப் பார்க்கச் சொல்லி யாரிடம் சொன்னாலும், பத்து இருபது நாள் கழித்து எனக்கு ஒரு போன் வந்துவிடும். "என்னங்க, நடுவுல பறக்கும் தட்டு வருது?" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்கும். சிலர் கோபமாகக் கேட்பார்கள், சிலர் குழம்பிப் போய்க் கேட்பார்கள், இன்னும் சிலருக்குப் பேச்சே வராத அளவுக்குச் சந்தோஷம். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் முதல் இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கதை முழுதும் வெளிப்பட்டுவிடும்.

"எல்லாரும் 'பறக்கும் தட்டு எபிசோடு'னு சொல்றாங்களே, அது எது?"

இரண்டாம் சீசனின் ஒன்பதாவது எபிசோடு. 'தி காசில்' என்று பெயர். அமெரிக்காவின் எஃப்எக்ஸ் சேனலில் 2015 டிசம்பர் 7 அன்று ஒளிபரப்பானது. மொத்தம் பத்து எபிசோடுகள் என்பதால் இது கடைசிக்கு முந்தையது. தொடரை உருவாக்கியவர் நோவா ஹாலி. கோயன் சகோதரர்கள் 1996இல் எடுத்த அதே பெயருள்ள படத்தின் பனியையும் மனிதர்களின் பேச்சுவழக்கையும் எடுத்துக்கொண்டு, சீசனுக்கு ஒரு தனிக்கதை சொல்கிறார்.

இந்தக் கதை நடப்பது 1979இல். நார்த் டகோட்டாவின் ஃபார்கோ ஊரில் கெர்ஹார்ட் என்ற தாதா குடும்பம். அவர்களுடைய தொழிலை விழுங்கப் பார்க்கும் கான்சாஸ் சிட்டி கும்பல். இந்த இரண்டுக்கும் நடுவில் தெரியாத்தனமாக மாட்டிக்கொள்கிறார்கள் மினசோட்டாவின் லூவர்ன் ஊரில் கறிக்கடையில் வேலை பார்க்கும் எட், அழகு நிலையத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி பெக்கி. வழக்கை விசாரிப்பது லூ சால்வர்சன் என்ற போலீஸ்காரரும், ஷெரிஃபாக இருக்கும் அவருடைய மாமனார் ஹாங்க் லார்சனும்.

"அந்த ஒரு எபிசோடை மட்டும் பார்த்தா போதாதா?"

போதாது. அந்த ஒரு நிமிடக் காட்சியைத் தனியாக வெட்டி எடுத்துப் பார்த்தவர்கள்தான் அதிகமாக ஏமாந்து போகிறார்கள். எட்டு எபிசோடுகள் அந்த மனிதர்களோடு பனியில் நடந்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அது வேலை செய்யும். முதல் எபிசோடையாவது கண்டிப்பாகப் பாருங்கள், காரணம் கீழே வருகிறது.

"நான் பார்த்தேன், ஆனா அந்தச் சண்டையே சரியா புரியல. யார் யாரைச் சுடுறாங்க?"

சவுத் டகோட்டாவின் சூ ஃபால்ஸ் ஊரில் ஒரு மோட்டல். கான்சாஸ் சிட்டி கும்பலின் மைக் மில்லிகனைப் பொறிவைத்துப் பிடிப்பதற்காக, எட்டையும் பெக்கியையும் வைத்துக்கொண்டு போலீஸ் அங்கே தங்கியிருக்கிறது. கெர்ஹார்ட் குடும்பத்திலேயே வளர்ந்த ஹான்ஸி, தலைவியான ஃப்ளாய்டிடம் "உங்கள் மகன் டாடை எதிரிகள் அங்கேதான் அடைத்து வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிடுகிறான். பச்சைப் பொய். டாடைச் சுட்டுக் கொன்றவனே அவன்தான். உள்ளே இருப்பது போலீஸ் என்று தெரியாமல் கெர்ஹார்ட் ஆட்கள் ராத்திரியில் பாய்கிறார்கள். அத்தனை வருடம் சோறு போட்ட ஃப்ளாய்டை ஹான்ஸியே கத்தியால் குத்துகிறான்.

மிச்சமிருக்கும் ஒரே மகன் 'பேர்' (Bear) கெர்ஹார்ட். அந்த ஆங்கிலப் பெயருக்குக் கரடி என்று பொருள், ஆளும் அந்த அளவுதான். அவன் லூவைத் தரையில் சாய்த்துக் கழுத்தை நெரிக்கிறான். லூவின் முகத்தில் உயிர் போய்க்கொண்டிருப்பது தெரிகிறது. அப்போது அந்த இடமே வெளிச்சமாகிறது. மோட்டலுக்கு மேலே விளக்குகளோடு பெரிய வட்டமாக ஒன்று வந்து நிற்கிறது. பேர் தலையைத் தூக்கிப் பார்க்கிறான், பிடி தளர்கிறது. லூ துப்பாக்கியை எட்டிப் பிடித்து அவனைச் சுடுகிறார். மேல்மாடி நடையில் தப்பி ஓட வந்த எட் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, பெக்கி சொல்கிறார்: வெறும் பறக்கும் தட்டுதான் எட், வா, நாம போகணும்.

"அது நிஜமாவே பறக்கும் தட்டா, இல்ல பிரமையா? பெக்கிக்குத்தான் இல்லாதது எல்லாம் தெரியுமே?"

நியாயமான சந்தேகம். எட்டாவது எபிசோடில் பெக்கி, வீட்டின் அடித்தளத்தில் இல்லாத ஒரு ஆளோடு உட்கார்ந்து பேசுகிறார். கடைசி எபிசோடில் இல்லாத புகையைப் பார்த்து நடுங்குகிறார். அவர் ஒருவருக்கு மட்டும் தட்டு தெரிந்திருந்தால் பிரமை என்று முடித்துவிடலாம்.

ஆனால் கழுத்தை நெரிப்பவனும் பார்க்கிறான், நெரிபடுபவரும் பார்க்கிறார், எட்டும் பார்க்கிறார், ஹான்ஸியும் பார்க்கிறான். அந்த வெளிச்சத்தின் காரணமாக ஒருவன் சாகிறான், ஒருவர் பிழைக்கிறார். கதைக்குள் அது நிஜம். எங்கிருந்து வந்தது, எதற்கு வந்தது என்பதைத்தான் தொடர் சொல்வதில்லை.

"எட்டு எபிசோடு ஒழுங்கா போயிட்டு திடீர்னு எங்கேருந்து வந்துச்சு? காதுல பூ சுத்துறாங்களே!"

திடீரென்று வரவில்லை. முதல் எபிசோடிலேயே வந்துவிட்டது. கெர்ஹார்ட் குடும்பத்தின் கடைக்குட்டி ரை, வாஃபிள் ஹட் என்ற சாலையோர உணவகத்தில் ஒரு பெண் நீதிபதியை மிரட்டப் போகிறான். அந்த அம்மா அவன் முகத்தில் பூச்சி மருந்தை அடித்துவிட, துப்பாக்கியை எடுக்கிறான். நீதிபதி, சமையல்காரர், பரிமாறும் பெண் என்று மூன்று கொலை. காயத்தோடு வெளியே வருபவன் ஓடிப் போயிருக்கலாம். ஓடவில்லை. மரங்களுக்கு மேலே வானத்தில் தெரியும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நடுரோட்டில் நின்றுவிடுகிறான். பெக்கியின் கார் வந்து அவன்மேல் மோதுகிறது. சீசனின் மொத்தக் கதையும் அந்த மோதலிலிருந்து கிளைத்ததுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஃப்ளாய்டின் பிள்ளைகளில் இந்தச் சீசனில் முதலில் போனவன் ரை, கடைசியில் போனவன் பேர். இரண்டு பேருமே வானத்தை அண்ணாந்து பார்த்த கணத்தில்தான் மாட்டினார்கள். அடுத்து வரும் கடைசி எபிசோடின் பெயர் 'பாலின்ட்ரோம்'. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் சொல். விகடகவி என்று நாம் சின்ன வயதில் எழுதிப் பார்ப்போமே, அது. சீசனையே அப்படி எழுதியிருக்கிறார்கள்.

"அப்போ ரசிகர்கள் ஏன் அவ்வளவு திட்டினாங்க?"

முதல் எபிசோடு அக்டோபர் 12, இது டிசம்பர் 7. வாரம் ஒன்றாகப் பார்த்தவர்களுக்கு இடையில் எட்டு வாரம். ரை பார்த்த விளக்குகளைப் பலர் மறந்துவிட்டார்கள். நினைவிருந்தவர்களும், போதையில் அடிபட்ட ஒருவனின் கண்ணுக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். அதனால் மோட்டலுக்கு மேலே தட்டு முழுசாக வந்து நின்றபோது, ஒழுங்காகப் போன குற்றக்கதையைக் கெடுத்துவிட்டார்களே என்று ஒரு பக்கம் கொதித்தது. இன்னொரு பக்கம், முதல் எபிசோடிலிருந்து ஒவ்வொரு வெளிச்சத்தையும் எண்ணிக்கொண்டு வந்த கூட்டம், நாங்கள் அப்போதே சொன்னோமே என்று கொண்டாடியது. மூன்றாவதாக ஒரு தரப்பு உண்டு: விஷயம் பிடித்திருந்தது, இவ்வளவு அப்பட்டமாகக் காட்டியதுதான் பிடிக்கவில்லை. ஒரு வெளிச்சம், ஒரு நிழல் என்று விட்டிருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

நான் இந்த மூன்றாவது தரப்பில்தான் முதலில் இருந்தேன். இரண்டாம் முறை பார்த்தபோது மாறிவிட்டேன். பாதி மறைத்துக் காட்டியிருந்தால் நாம் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்போம். முழுசாகக் காட்டியதால்தான் கண் கீழே இறங்கி மனிதர்களைப் பார்க்கிறது.

"என்ன சொன்னாலும், ஹீரோவைக் காப்பாத்த வழி தெரியாம வானத்துலேருந்து இறக்கிட்டாங்க. இல்லையா?"

எழுகிற புகார்களில் வலுவானது இதுதான். இதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. கதையில் தற்செயல் ஒருவரைச் சிக்கலில் மாட்டிவிட்டால் ஏற்றுக்கொள்வோம், சிக்கலிலிருந்து விடுவித்தால் ஏமாற்றப்பட்டதாக உணர்வோம். லூ தன் திறமையால் தப்பியிருந்தால் காட்சி இன்னும் திருப்தியாக இருந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். லூ சாகமாட்டார் என்பது நமக்கு முன்பே தெரியும். 2014இல் வந்த முதல் சீசனின் கதை 2006இல் நடக்கிறது. அதில் வயதான லூ ஒரு சின்ன உணவகம் நடத்திக்கொண்டு உயிரோடு இருக்கிறார். பிழைப்பாரா என்ற பதற்றமே எழுத்தாளரிடம் கையிருப்பில் இல்லை. எப்படிப் பிழைப்பார் என்பது மட்டும்தான் மிச்சம். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த பதில், முதல் எபிசோடில் எல்லாவற்றையும் கெடுத்த அதே பொருள். கெடுத்தபோது யாரும் கேள்வி கேட்கவில்லை.

"பெக்கி ஏன் கொஞ்சம்கூட ஆச்சரியப்படல? யாரா இருந்தாலும் நின்னு பார்ப்பாங்களே?"

எட் நின்று பார்க்கிறாரே. அந்த நடையில் இரண்டு முகங்களையும் சேர்த்துக் கவனியுங்கள். ஊரிலேயே இருந்து, கறிக்கடையைச் சொந்தமாக வாங்கி, குழந்தைகள் பெற்றுக்கொள்ள ஆசைப்பட்டவர் எட். கீழே நடக்கும் சாவையும் மேலே நிற்கும் அதிசயத்தையும் அவரால் சேர்த்து விழுங்க முடியவில்லை. பெக்கி வேறு. வீடு முழுக்கப் பத்திரிகைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, தன்னை மேம்படுத்திக்கொள்ளும் பயிற்சி வகுப்பில் சேரத் துடித்து, இந்த ஊரைவிட்டு எப்போது போவோம் என்று வருடக்கணக்காகக் காத்திருப்பவர். அன்றைக்கு அவருக்குத் தெரிவது வாசல் ஒன்றுதான். வானத்தில் எது வந்து நின்றால் என்ன?

பெக்கியாக நடித்த கிர்ஸ்டன் டன்ஸ்ட் அந்த வரியை, மழை வருது துணியை எடு என்று சொல்கிற குரலில் சொல்கிறார். எட்டாக நடித்தவர் ஜெஸ்ஸி ப்ளெமன்ஸ். சிரித்துவிட்டு அடுத்த நொடி மனசு கனத்துப்போகும். கார் மோதிய ராத்திரியிலும் பெக்கி இப்படித்தான், கண்ணாடியில் ஆள் குத்தி நிற்க, காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"'இது உண்மைக் கதை'னு ஆரம்பத்துல போடுறாங்க. அப்போ சூ ஃபால்ஸ்ல நிஜமாவே இப்படி நடந்துச்சா?"

இல்லை. உயிரோடிருப்பவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர்களை மாற்றியிருக்கிறோம், இறந்தவர்கள்மேல் உள்ள மரியாதையால் மற்றதை நடந்தபடியே சொல்கிறோம் என்று ஒவ்வொரு எபிசோடும் தொடங்கும். 1996 படத்திலும் அந்த அறிவிப்பு உண்டு. இரண்டுமே கற்பனைதான். அறிவிப்பும் கதையின் ஒரு பகுதி.

பறக்கும் தட்டு வருவதால் இந்த அறிவிப்புக்கு ஒரு கூர்மை கிடைக்கிறது. சூ ஃபால்ஸ் எபிசோடு ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டித்தான் தொடங்கும். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் நடந்த உண்மைக் குற்றங்களின் வரலாறு என்ற ரீதியில் ஒரு தலைப்பு. வாசிக்கும் குரல் மார்ட்டின் ஃப்ரீமேனுடையது, முதல் சீசனில் லெஸ்டராக நடித்தவர். ஹான்ஸி ஏன் துரோகம் செய்தான் என்று அந்தக் குரலே பல காரணங்களை அடுக்கி, எதையும் உறுதியாகச் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறது. ஒரு மனிதனின் மனசையே சொல்ல முடியாத வரலாற்றுப் புத்தகம் வானத்து வெளிச்சத்தை எப்படி விளக்கும்?

"மினசோட்டா பக்கம் நிஜத்துல யாராவது பறக்கும் தட்டு பார்த்திருக்காங்களா?"

பார்த்ததாகச் சொல்லப்படும் பிரபலமான சம்பவம் ஒன்று அதே வருடத்தில் உண்டு. 1979 ஆகஸ்ட் 27, அதிகாலை 1:40 மணி சுமார். மாநிலத்தின் வடமேற்கில் உள்ள மார்ஷல் கவுண்டியில், வால் ஜான்சன் என்ற துணை ஷெரிஃப் தனியாக ரோந்து போகிறார். தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்து, அதை நோக்கிக் காரை ஓட்டியிருக்கிறார். வெளிச்சம் பாய்ந்து வந்தது, கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது, அதற்குமேல் நினைவில்லை என்றார். நினைவு திரும்பியபோது அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. முன்கண்ணாடி விரிசல், ஒரு முகப்பு விளக்கு உடைசல், ஆன்டெனாக்கள் வளைந்திருந்தன. கார்க் கடிகாரமும் அவருடைய கைக்கடிகாரமும் 14 நிமிடம் பின்தங்கி இருந்தன. அந்தக் காரை வாரன் என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

தொடரின் கதைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. லூவர்ன் இருப்பது மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், கதை நடப்பது பனிக்காலத்தில். ஆனால் அந்த மாநிலம், அந்த வருடம், ரோந்து போகும் போலீஸ்காரர் என்ற மூன்றும் பொருந்துவதைப் பார்க்கும்போது, ஹாலிக்கு இந்தக் கற்பனை ஆகாயத்திலிருந்து விழவில்லை என்று புரியும்.

"அந்தக் காலத்துல அமெரிக்காக்காரங்க அவ்வளவு நம்பினாங்களா என்ன?"

வால் ஜான்சன் சம்பவம் நடந்தபோது ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டரே, 1969இல் ஜார்ஜியாவில் தான் ஒரு மர்ம வெளிச்சத்தைப் பார்த்ததாக 1973இல் எழுத்துமூலம் பதிவு செய்தவர். வாட்டர்கேட் ஊழலில் நிக்ஸன் 1974இல் பதவி விலகினார், 1975இல் வியட்நாம் போர் தோல்வியில் முடிந்தது. அரசாங்கம் சொன்ன எதையும் நம்ப முடியாது என்ற மனநிலை. கார்ட்டர் தேசத்தின் தன்னம்பிக்கை குலைந்துவிட்டது என்று பேசிய உரையை முதல் எபிசோடின் தொடக்கத்திலேயே காட்டுகிறார்கள். லூ வியட்நாமிலிருந்து திரும்பியவர், ஹாங்க் இரண்டாம் உலகப்போர் பார்த்தவர். போர் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டதோ என்ற பயம் இரண்டு பேருக்கும் உண்டு. அந்தப் பயத்துக்கு வானத்தில் ஒரு உருவம் கிடைத்தால் அது இப்படித்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

"ஹாங்க் ரூம்ல சுவரெல்லாம் கிறுக்கி வச்சிருந்தாரே, அவருக்கும் ஏலியனுக்கும் தொடர்பு இருக்கா?"

பார்த்தவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்தார்கள். லூவின் மனைவி பெட்ஸி, அப்பாவின் அறையைத் திறந்து பார்த்தால் சுவர், மேசை எங்கும் புரியாத சின்னங்கள். ரை பார்த்த விளக்குகளோடு முடிச்சுப் போடத் தோன்றுவது இயல்பு.

கடைசி எபிசோடில் ஹாங்கே சொல்லிவிடுகிறார். மனைவி இறந்த பிறகு தொடங்கிய வேலை அது. மனிதர்களுக்குள் இவ்வளவு வெட்டும் குத்தும் வருவதற்குக் காரணம் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாததுதான், எல்லோருக்கும் புரிகிற படமொழி ஒன்றிருந்தால் என்ன என்று முயன்றிருக்கிறார். வீட்டுக்கு ஒரு சின்னம் என்றால் எந்த நாட்டுக்காரனுக்கும் புரியுமே, அந்த மாதிரி. வேற்றுக்கிரகத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கிடைப்பது, துணை இழந்த ஒரு பெரியவரின் ராத்திரி வேலை. ஹாங்காக நடித்த டெட் டான்சன் அதைச் சொல்லும் விதத்துக்காகவே அந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"முதல் சீசன்ல லூ, 'அந்த வருஷம் பார்த்ததை வாழ்க்கையில வேற எப்பவும் பார்க்கலை'ன்னு சொல்வாரே. அது இந்தத் தட்டைத்தானே?"

ரசிகர்கள் மிகவும் நேசிக்கும் ஊகம் இது. முதல் சீசனில் மால்வோ என்ற கொலைகாரன் உணவகத்துக்கு வரும்போது, சூ ஃபால்ஸைப் பற்றி லூ பேசுவார். பிணங்களை அடுக்கினால் இரண்டாம் மாடிக்கே ஏறிப் போயிருக்கலாம் என்பார். நீங்கள் சொல்லும் வரியும் அங்கேதான்.

ஆனால் அடுத்த வரியைக் கேளுங்கள். அதை மிருகம் என்று சொல்லியிருப்பேன், ஆனால் மிருகம் பசிக்குத்தான் கொல்லும் என்கிறார். அவர் பேசுவது மனிதர்கள் செய்ததைப் பற்றி. உயிரையே காப்பாற்றிய தட்டைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. கடைசி எபிசோடில் இன்னொரு போலீஸ்காரரும் அவரும் அறிக்கை எழுதுவது பற்றிப் பேசும்போதுகூட, அந்த விஷயத்தை வெளிப்படையாக எழுதாமல் விட்டுவிடலாம் என்ற அளவில் பேச்சு முடிகிறது. அறிக்கையில் இல்லை, அதனால் வரலாற்றிலும் இல்லை.

"கோயன் சகோதரர்கள் படத்துல இப்படியெல்லாம் வராதே?"

வந்திருக்கிறது. 2001இல் அவர்கள் எடுத்த 'தி மேன் ஹூ வாஸன்ட் தேர்' படத்தில், மரண தண்டனைக்குக் காத்திருக்கும் ஒரு முடிதிருத்துபவர் சிறை முற்றத்துக்கு வந்து, மேலே நிற்கும் பறக்கும் தட்டைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் திரும்பிப் போவார். அவர் பெயரும் எட். இந்தத் தொடரின் முதல் சீசனிலும் ஆறாவது எபிசோடில் நெடுஞ்சாலையில் வானத்திலிருந்து மீன் கொட்டி, ஒரு தகப்பன் மகனை இழப்பார். மீனுக்கு அவ்வளவு எதிர்ப்பு வரவில்லை.

"அடுத்த சீசன்கள்லயும் தட்டு வருமா?"

தட்டு முக்கியப் பாத்திரமாகத் திரும்பவில்லை. விநோதங்கள் தொடர்கின்றன: மூன்றாம் சீசனில் செத்தவர்கள் சேரும் இடம் போன்ற ஒரு பவுலிங் கூடம், நான்காவதில் ஏறக்குறைய முழுதும் கறுப்பு வெள்ளையில் ஒரு எபிசோடும் அதன் முடிவில் சூறாவளியும், ஐந்தாவதில் ஐந்நூறு வருடம் வாழ்ந்தவனாகக் காட்டப்படும் ஒருவன்.

"தட்டுக் காட்சியை வெட்டிட்டா கதைக்கு ஏதாவது நஷ்டம் உண்டா? நேர்மையா சொல்லுங்க."

நிகழ்ச்சிகளுக்கு நஷ்டமில்லை. வேறு ஏதாவது சத்தத்தில் பேர் திரும்பிப் பார்த்திருக்கலாம், லூ சுட்டிருக்கலாம். ரை போதையில் ரோட்டில் நின்றதாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் கறிக்கடையில் வேலை பார்க்கும் நோரீன் என்ற பெண்ணை நினைத்துப் பாருங்கள். சீசன் முழுக்கக் கையில் பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவின் புத்தகத்தோடு, எப்படியும் எல்லோரும் சாகப்போகிறோம், வாழ்க்கைக்கு அர்த்தம் கிடையாது என்று சொல்லிக்கொண்டிருப்பவள். புற்றுநோயோடு போராடும் பெட்ஸி அவளுக்குச் சொல்லும் பதில், நமக்கு ஒவ்வொருவருக்கும் இங்கே செய்ய வேலை இருக்கிறது, அதைச் செய்ய நேரமும் கொடுத்திருக்கிறார்கள் என்பது. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் தட்டு வந்து நிற்கிறது, எதையும் விளக்காமல். அதை எடுத்துவிட்டால் நோரீனும் பெட்ஸியும் வெறுமனே தத்துவம் பேசுவதாக ஆகிவிடும்.

"எங்க வீட்டம்மா அந்தக் காட்சி வந்ததும் டிவியை அணைச்சிட்டாங்க. கடைசி எபிசோடை எப்படிப் பார்க்க வைக்கிறது?"

தட்டைப் பற்றி வாதாடாதீர்கள், யாரும் வாதத்தில் மனசு மாறி நான் பார்த்ததில்லை. முதல் எபிசோடின் வாஃபிள் ஹட் காட்சியை மட்டும் இன்னொரு முறை போட்டுக் காட்டுங்கள், ரை ரோட்டில் நிற்கும்வரை. அதன் பிறகு கடைசி எபிசோடில் லூ, கைதான பெக்கியைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பும் காட்சி. வியட்நாமிலிருந்து கடைசி நாட்களில் ஆட்களை ஏற்றிப் போன கப்பலைப் பற்றி லூ சொல்கிறார், பின்னால் உட்கார்ந்திருக்கும் பெக்கிக்கு, தான் பட்ட பாட்டை இவர் எங்கே புரிந்துகொள்ளப் போகிறார் என்ற ஆத்திரம் பொங்குகிறது. "ஆட்கள் செத்திருக்கிறார்கள் பெக்கி" என்கிறார் லூ. அவ்வளவுதான் சொல்கிறார். கார் போய்க்கொண்டே இருக்கிறது.